தண்டுப் பகுதியின் சீனச் சாப்பாட்டுக் கடை: ஒரு சமண வியாபாரியின் குறிப்புகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். சிந்தாமணி, நீலகேசி என்று ஏதாவது தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். "சீனாக்காரன் ஓட்டலைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. "ஐயா, நீங்கள் வெங்காயமே சாப்பிட மாட்டீர்களே!" என்றார் குழுச் செயலாளர். அதனால்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன்.

என்னை அறியாத அன்பர்களுக்காக ஒரு வரி. நான் வந்தவாசிப் பக்கத்து நயினார். அதாவது தமிழ்ச் சமணன். இந்தப் பெங்களூரில் "ஜெயின்" என்று சொன்னால் போதும், "அடகுக் கடை எங்கே வச்சிருக்கீங்க சேட்டு?" என்று கேட்பார்கள். வீட்டில் தமிழ் பேசி, ஊரில் நெல்லும் மணிலாவும் போட்டு, மேல்சித்தாமூர் மடத்துக்குக் காணிக்கை செலுத்தும் சமணர் உண்டு என்பது தமிழருக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 1979-ல் இங்கு வந்து சிவாஜிநகரில் மளிகைக் கடையில் கணக்கு எழுதினேன். பிறகு ரஸ்ஸல் மார்க்கெட் அருகே சிறியதாக மொத்தக் கடை வைத்தேன். கல்லூரிப் படிப்பு கிடையாது. படித்ததெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்ததுதான். பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

தண்டு என்று பழைய கன்னடத்தாரும் தமிழரும் அழைத்த கன்டோன்மென்ட் 1809-ல் உண்டானது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயர் தம் படையை இங்கே மாற்றியபோது, படையோடு கூடவே சென்னை மாகாணத்துத் தமிழர் வந்தனர். சிப்பாய், சமையற்காரர், வண்ணார், கொத்தனார், மளிகைக்காரர் என்று அல்சூரும் சிவாஜிநகரும் நிரம்பின. இதை நம் மலர்களில் பலர் எழுதிவிட்டார்கள். அதே தண்டுப் பகுதியில் நமக்குப் பின்னால் வந்து, நமக்கு முன்னாலேயே காலி செய்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு சிறு கூட்டத்தைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை. சுங் வா, நான்கிங், ரைஸ் பவுல், புளூ ஹெவன் என்ற பெயர்களெல்லாம் தண்டுவாசிகளின் வாயில் சாதாரணமாகப் புழங்கிய காலம் ஒன்று உண்டு. சம்பளம் வாங்கிய சனிக்கிழமையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பமும், எச்.ஏ.எல். ஊழியர் குடும்பமும், பிள்ளை பாஸான சந்தோஷத்தில் அல்சூர் முதலியார் குடும்பமும் அங்கே போய் உட்காருவார்கள்.

நான் பழகிய கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் குடும்பம் இப்போது இங்கே இல்லை. அவர்கள் அனுமதியில்லாமல் பெயர் போடுவது முறையல்ல. நான் அவர்களுக்குச் சரக்குப் போட்டவன். மக்காச்சோள மாவு, மைதா, கடலெண்ணெய், சர்க்கரை, வினிகர், மிளகு ஆகியவை வாரம் இருமுறை போகும். நான்கு ஆண்டுகள் பின்வாசல் வழியாகவே போய்ப் பணம் வாங்கி வந்தவன், 1983-ல் ஒரு நாள் முன்வாசல் வழியாக உள்ளே போனேன். காரணம் பெரிதில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த என் மனைவி, "தினம் அவங்க கடைக்கு மூட்டை போடறீங்களே, உள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

உள்ளே இருட்டு. அதுதான் முதல் நினைவு. ஜன்னலே கிடையாது, இருந்தாலும் சிவப்புத் திரை போட்டு மூடியிருக்கும். கூரையில் சிவப்புக் காகித விளக்குகள், குஞ்சம் தொங்கும். சுவரில் மரச்சட்டத்துக்குள் பொன் நிற நாகம் ஒன்று, அவர்கள் கணக்கில் அது மங்கலம். மூலையில் கண்ணாடித் தொட்டியில் மீன்கள், அவை பார்ப்பதற்கு மட்டும் என்று சர்வர் உறுதி சொன்னார். மேசைக்கு மேசை மூன்று குப்பிகள் இருந்தன. கறுப்பாக சோயா, சிவப்பாக மிளகாய்க் குழம்பு, மூன்றாவதில் பச்சை மிளகாயை நறுக்கிப் போட்ட வினிகர். அந்த வினிகரும் மாவும் என் கடைச் சரக்கு என்ற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சமணனுக்கு இருட்டு பெரிய சங்கடம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற எங்கள் விரதத்துக்கு அடிப்படையே, வெளிச்சமில்லாத இடத்தில் சிற்றுயிர் உணவில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதானே! நண்பகல் ஒரு மணிக்கே இரவு போல வைத்திருக்கும் இடத்தில் உண்ணலாமா கூடாதா என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை. கடைசியில் கதவோரமாக ஒரு மேசையைக் கேட்டு வாங்கி, கதவைப் பாதி திறந்து வைக்கச் சொன்னேன். சர்வர் அல்சூர்த் தமிழர், முணுமுணுத்துக்கொண்டே கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்.

அடுத்த சங்கடம் சமையல். மாமிசம் வேண்டாம், முட்டை வேண்டாம், வெங்காயம் பூண்டு வேண்டாம், கிழங்கு வேண்டாம் என்று அடுக்கினேன். "அப்ப தண்ணி தரட்டுங்களா?" என்றார் சர்வர். அவர் பேரில் தப்பில்லை. விஷயம் உள்ளே போனது. சிறிது நேரத்தில் முதலாளியின் தாயார், எழுபதை நெருங்கிய அம்மாள், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தண்டுத் தமிழில், "நைனா, நீ பூண்டு தின்னாத ஆளா? நானும் மாசத்துல ரெண்டு நாள் அப்படித்தான்" என்றார். நயினார் என்ற பெயர் அவர் வாயில் நைனா ஆகி, கடைசிவரை நைனாவாகவே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்று எனக்கும் வியப்பாக இருந்தது, பிறகு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சீன பௌத்தரில் பக்தியுள்ளவர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, மரக்கறி மட்டும் உண்பார்கள். அந்த நாட்களில் ஊன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டு வகைகளும் ஆகாது. கார நெடியுள்ள ஐந்து பொருள்கள் என்று அவர்களிடம் ஒரு விலக்குப் பட்டியலே உண்டு. கி.பி. 502 முதல் 549 வரை தென் சீனத்தை ஆண்ட லியாங் வம்சத்து வூ என்ற மன்னர் துறவிகளுக்குப் புலாலையும் மதுவையும் விலக்கி ஆணையிட்டார். அதற்கு நூறாண்டு முன்னே இந்தியா வந்த பாகியான், வட இந்தியாவின் நடுநாட்டு மக்கள் உயிர்க்கொலை செய்வதில்லை, மது அருந்துவதில்லை, வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்று எழுதிவைத்தார். ஆக, வந்தவாசியில் என் பாட்டி அடுப்படியில் வைத்திருந்த சட்டமும், அந்த அம்மாள் மாதம் இரு நாள் வைத்திருந்த சட்டமும் ஒரே ஊற்றின் இரண்டு வாய்க்கால்கள் என்பது என் துணிபு. பௌத்தத்தோடு வாது செய்த நீலகேசி ஆசிரியர் இதைக் கேட்டால் ஒத்துக்கொள்வாரோ என்னவோ!

ஒரே ஒரு வேறுபாடு. பூண்டு இல்லாத குறைக்கு எங்கள் வீட்டில் பெருங்காயம் போடுவோம். "கொஞ்சம் பெருங்காயம் கொண்டு வந்து தரட்டுமா அம்மா?" என்று அடுத்த முறை கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்தார். அவர்களுடைய ஐந்து விலக்குப் பொருள்களில் பெருங்காயமும் ஒன்று. எனக்கு மாற்று, அவருக்கு விலக்கு. அன்றிலிருந்து இஞ்சி, மிளகு, கோசு, பீன்ஸ், முளை கட்டிய பயறு இவற்றோடு முடிந்தது என் சமையல். இஞ்சியும் கிழங்குதானே என்று கேட்கும் உறவினர் உண்டு. அவர்கள் சரிதான், இந்த ஒன்றில் நான் கொஞ்சம் தளர்ந்தவன்.

சீனத் தொடர்பு தமிழருக்குப் புதிதில்லை என்பதற்கு ஆதாரம் தேடிக் கல்வெட்டுக்குப் போவதற்கு முன் அடுப்படிக்குப் போகலாம். தென் மாவட்டத்தார் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்கிறார்கள். சர்க்கரைவள்ளி அவர்களுக்குச் சீனிக்கிழங்கு, கொத்தவரை சீனியவரை. படிகாரத்துக்குச் சீனாக்காரம் என்று பெயர். தீபாவளிக்குச் சீனவெடி. மலையாளத்தார் வாணலியைச் சீனச்சட்டி என்றே சொல்வார்கள். கொச்சியில் சீனவலை நிற்கிறது. கொடுத்ததற்கும் ஒரு சொல் இருக்கிறது. சீனர் காலையில் குடிக்கும் அரிசிக் குழைவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் கான்ஜி. அது நம் கஞ்சியே. கப்பலேறி, போர்த்துகீசியர் வாயில் புகுந்து, உலகத்துச் சீனக் கடைகளின் உணவுப் பட்டியலிலெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இனிக் கல்வெட்டும் ஏடும். கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களையும் எண்பது அளவில் தேவர் கோவில்களையும் கண்டதாகக் குறித்து, நிர்க்ரந்தர் ஏராளம் என்கிறார். நிர்க்ரந்தர் என்றால் எங்கள் முன்னோர்தான். சமணரைப் பற்றிச் சொன்ன அயல்நாட்டார் சாட்சிகளில் இதை நான் எப்போதும் பெருமையாகச் சொல்வேன். பல்லவன் இராசசிம்மன் காலத்தில் சீன அரசோடு தூது நடந்தது. சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் பேரரசுக்குத் தூதுவர் அனுப்பினர். கடைசித் தூதில் 72 பேர் போனார்கள். நாகப்பட்டினத்தில் சீன கோபுரம் என்று மாலுமிகள் அடையாளம் சொல்லிவந்த செங்கல் கட்டடம் 1867 வரை நின்று, அந்த ஆண்டில் இடிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி தமிழ்க் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. குப்லாய்கானின் ஆட்சி அது. அங்கே போய் நம்மவர் கோவில் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் கல்வெட்டு சொல்லவில்லை.

நவீன காலத்துச் சீனர் வந்த வழி வேறு. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் டாங் அச்சியூ என்பவர் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுக் கரும்பாலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். சீனிக்கும் சீனருக்கும் உள்ள உறவைப் பாருங்கள், முதல் குடியேற்றமே சர்க்கரை வியாபாரம்! பின்னால் வந்தவர்கள் ஊர்வாரியாகத் தொழில் பிரித்துக்கொண்டார்கள். கான்டன் பக்கத்தார் தச்சர், ஹக்கா மக்கள் தோலும் செருப்பும், ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியம். டிரெட்டி பஜாரில் டூங் ஆன் கோவிலின் கீழ்த்தளத்தில் 1920களில் நடந்த நான்கிங் உணவகம் கல்கத்தாவின் பெரிய மனிதர்கள் கூடிய இடமாக இருந்தது. இந்தியாவெங்கும் பரவிய சீனச் சாப்பாட்டுக் கடையின் வேர் அங்கேதான். பெங்களூரில் நான் அறிந்த குடும்பமும் கல்கத்தாவிலிருந்து செருப்புத் தைக்க வந்த ஹக்கா குடும்பமே. தகப்பனார் செருப்புக் கடை வைத்தார், மகன் சாப்பாட்டுக் கடை வைத்தார்.

தமிழ்ச் சீனர் என்றே ஒரு கூட்டம் இருந்தது என்றால் நம்புவீர்களா? மலாய்க் கரையின் ஆங்கிலக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்குச் சீனக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். நீலகிரியில் நடுவட்டத்தில் சிங்கோனாத் தோட்டத்தில் அவர்களிடம் வேலை வாங்கினார்கள். விடுதலையான சிலர் ஊர் திரும்பாமல் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பசு வளர்த்து நேர்மையாக வாழ்ந்ததாக எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளிவந்த தமது நூலில் எழுதியிருக்கிறார். அவர் அவர்களுடைய தலையையும் மூக்கையும் அளந்தும் வைத்தார், அந்தக் கால ஆராய்ச்சி அப்படி. அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

பெங்களூருக்கும் சீனத்துக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. சீன - பர்மா எல்லையில் லோய்விங் என்ற இடத்தில் விமானத் தொழிற்சாலை நடத்திய வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சேர்த்துக்கொண்டுதான் வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் இங்கே மைசூர் அரசின் ஆதரவோடு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். வால்சந்த் சோலாப்பூர்த் திகம்பர சமணர் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் என் சாதியார் என்னைத் திட்டுவார்கள். அந்தத் தொழிற்சாலை நம் தமிழர் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டது என்பதை வாசகர் அறிவர்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அங்கே பரிமாறியது சீனச் சாப்பாடுதானா? முதலாளியிடமே கேட்டேன். சிரித்தார். "இது உங்களுக்காகச் செஞ்ச சீனா, நைனா. நாங்க உள்ள தின்னறது வேற" என்றார். அமெரிக்கன் சாப்ஸி என்ற பெயரிலேயே அது எங்கிருந்து வந்தது என்பது இருக்கிறது. பொரித்த நூடுல்ஸ் மேல் சிவப்பாக இனிப்புக் குழம்பு ஊற்றி, முட்டை தின்பவருக்கு ஒரு முட்டையைத் தலையில் வைப்பார்கள். மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் சம்பந்தமே இல்லை. கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்தபோது உண்டாக்கியது அது. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் என்று நம் ஊர் மசாலாவில் தொடங்கி, சோயாவும் மக்காச்சோள மாவும் சேர்த்துக் கோழியில் செய்தார். கோழி இருந்த இடத்தில் பிற்பாடு பூக்கோசு வந்தது. கர்நாடகத்தில் அது பிடித்த பிடி உங்களுக்குத் தெரியும். கோபி வண்டி இல்லாத பஸ் ஸ்டாண்டு உண்டா? சிவப்பு நிறத்துக்காகக் கண்ட சாயத்தையும் போட்டதால், 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கைச் சாயம் சேர்ப்பதைத் தடை செய்தது. எங்கள் சீன முதலாளி சாயம் வாங்கியதே இல்லை. சரக்குப் போட்டவன் நான், சாட்சி சொல்வேன். பூக்கோசில் புழு இருக்கும் என்று நான் தொடமாட்டேன் என்பது வேறு விஷயம்.

அஜினமோட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது சீனப் பொருளன்று, ஜப்பான் பொருள். 1908-ல் கிகுனே இகேதா என்ற பேராசிரியர் கடற்பாசியின் சுவையை ஆராய்ந்து கண்டது. "அது மீன் எலும்பிலிருந்து எடுக்கறதாமே?" என்று என் கடையில் கேட்காத சைவர் கிடையாது. இல்லை, கரும்புப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றைப் புளிக்க வைத்து எடுப்பது. நம்மவர்களும் நூடுல்ஸுக்கு அந்நியர் இல்லை. 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர் சென்னை பர்மா பஜாரில் விற்கும் அத்தோ என்ன? அதுவும் நூடுல்ஸ்தான். அகதியாக வந்தவன் தலைச்சுமையில் கொண்டுவந்த சாப்பாடு.

அகதி என்ற சொல் வந்துவிட்டது. இனி எழுதப் போவதை முதலாளி எனக்குச் சொல்ல எட்டு வருஷம் ஆயிற்று.

1962 அக்டோபர் 20-ல் சீனப் போர் தொடங்கியது, நவம்பர் 21-ல் நின்றது. ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீனர் எதிரிகளாகிவிட்டார்கள். அசாம், ஷில்லாங், டார்ஜிலிங், காலிம்போங் பகுதிகளிலிருந்து சுமார் 3000 பேரை, குழந்தை குட்டி கிழவர் உட்பட, ரயிலேற்றி ராஜஸ்தானத்தில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் 1967 வரை வெளியே வரவில்லை. யார் மீதும் வழக்கு இல்லை. அசாமியத் தாயையோ கணவனையோ உடையவர்களும் அதில் உண்டு. அசாம் எழுத்தாளர் ரீதா சௌத்ரி இதைக் கருவாக வைத்து 2010-ல் மாகாம் என்ற நாவல் எழுதிய பிறகுதான் வெளியே பேச்சு வந்தது. முகாமில் இருந்தவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் 1963-ல் சீன அரசு அனுப்பிய கப்பல்களில் ஏறிப் போனார்கள். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் நம் சென்னை. பலர் அதுவரை சீனத்தைக் கண்ணால் கண்டதில்லை. அடுத்த ஆண்டே, 1964 அக்டோபரில், சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கைத் தோட்டத்தில் பிறந்த நம் தமிழர் ஐந்தேகால் லட்சம் பேருக்கு இந்தியா என்று முத்திரை விழுந்தது. அவர்களும் பார்த்திராத ஊருக்குக் கப்பலேறினார்கள். சென்னையில் ஒரு கூட்டம் ஏற, இராமேசுவரத்தில் ஒரு கூட்டம் இறங்கியது.

முதலாளிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெங்களூரில் அவர்களை முகாமுக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் அசாமில் மாகுமில் இருந்த அவருடைய சித்தி குடும்பம் தேவ்லிக்குப் போயிற்று. இங்கே இருந்தவர்கள் போலீஸில் பெயர் பதிய வேண்டும், ஊர் விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு கிடைக்காததால் தங்கையின் பிரேதத்தைப் பார்க்கக் கல்கத்தாவுக்குப் போக முடியவில்லை என்று அம்மாள் சொன்னார். அதாவது முகாமிலிருந்து வந்த சித்தி கல்கத்தாவில் காலமானபோது. சொல்லிவிட்டு உடனே, "சூப் ஆறிப் போவுது, குடி" என்றார்.

இதை அவர்கள் எனக்குச் சொன்னது 1991 டிசம்பரில். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும் 12, 13 தேதிகளில் இந்த ஊரில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. மலர் படிக்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். என் வாடகை வீடு மேற்குப் பக்கம் ஒரு பேட்டையில். எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம் முதல் நாள் எங்கள் பிள்ளைகளைத் தம் வீட்டுக் கட்டிலடியில் வைத்துக் காத்தது, அதையும் மறக்க மாட்டேன். கடையில் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சீன முதலாளி.

"நைனா, போர்டு தமிழ்ல இருக்கா?"

"ஆமாம் முதலாளி."

"முதல்ல அதை இறக்கு. யாருகிட்டயும் நியாயம் பேசாதே. பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கினு பின்வாசல் பக்கமா வா."

போர்டை இறக்கினேன். ஊரடங்கு வருமுன் எப்படியோ ஒரு ஆட்டோக்காரர், அவரும் முஸ்லிம் தமிழர், சந்து சந்தாகக் கொண்டுவந்து சேர்த்தார். முன்ஷட்டர் இறக்கியிருந்தது. சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கும் அறை. மூட்டையின் மேல் என் கடை முத்திரை இருந்தது. அதன் மேலேயே பிள்ளைகளைப் படுக்க வைத்தோம்.

மாலை ஐந்து மணி இருக்கும். வெளியே எங்கோ டயர் எரியும் நாற்றம். எனக்குச் சாப்பாடு நினைவே இல்லை. அம்மாள் ஐந்து கிண்ணம் கஞ்சி கொண்டு வந்து வைத்தார். இஞ்சியும் உப்பும் மட்டும் போட்டது. "சீக்கிரம் தின்னு, ஆறு மணிக்குள்ள இருட்டிடும். அப்புறம் நீ தின்னமாட்டே" என்றார். ஊரே எரிகிறபோது என் விரதத்தை நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை. என் மனைவி அப்போதுதான் அழுதாள். ஐந்தாவது கிண்ணம் அவருக்கு. அன்று அவர்களுடைய கணக்கில் விரத நாள் இல்லை. எங்களோடு உட்கார்ந்து அதையே குடித்தார்.

அன்று இரவு முதலாளி விளக்கில்லாமல் உட்கார்ந்து 1962-ஐச் சொன்னார். "கடை போர்டுல இருந்த சீன எழுத்து மேல எங்கப்பா தார் பூசினாரு. நான் ஏணியைப் பிடிச்சுக்கினேன். உன் போர்டு மரமா, தகரமா?" தகரம் என்றேன். "நல்லது. மடிச்சு வைக்கலாம்" என்றார். இரண்டு இரவு அங்கே இருந்தோம்.

என் போர்டு பிறகு பல வருஷம் ஏறவில்லை. அல்சூரில் துணி சுற்றி நின்ற திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ல் திறந்தபோது, மறுவாரம் மாட்டினேன். ஒரு மூலை துருப்பிடித்திருந்தது.

அதற்குள் அந்தச் சாப்பாட்டுக் கடை மூடியாயிற்று. அம்மாள் காலமாகி, பிள்ளைகள் டொரன்டோவுக்குப் போனார்கள். கல்கத்தா ஹக்காக்களில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கிறது. அங்கே போய் அவர்கள் திறக்கும் கடைகளுக்கு ஹக்கா சீனக் கடை என்று பெயர், சில்லி சிக்கனும் மஞ்சூரியனும்தான் விலை போகிறதாம், வாங்குபவர் நம் இந்தியர். முதலாளி மட்டும் தனியாகக் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தார். வாடகை ஏறியது. பளபளக்கும் புதுச் சீன உணவகங்கள் வந்தன. அங்கே சமைப்பவர் நேபாளத்தார், வடகிழக்குப் பிள்ளைகள். குறை சொல்லவில்லை, அவர்களும் ஊர் விட்டு வந்தவர்களே. கடைசிப் பாக்கியைத் தீர்க்கக் கூப்பிட்டார். 4,200 ரூபாய். எண்ணிக் கொடுத்துவிட்டு, சமையலறை ஆணியிலிருந்து ஒரு இரும்புச் சட்டியைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்தார். "இதுல அம்மா விரதச் சமையல் மட்டும்தான் பண்ணுவாங்க. மாமிசம் படல. உனக்குப் பயப்படாம வச்சுக்கலாம்."

அந்தச் சட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. அடி கறுத்து, உள்ளே கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று மருமகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பேரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் நூடுல்ஸ் கேட்பார்கள். மாலை ஐந்தரைக்குள் செய்து முடித்துவிடுவாள் என் மனைவி. பூண்டு கிடையாது, வெங்காயம் கிடையாது. கடைசியில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போடுவாள். போடும்போது மட்டும் ஒரு முறை திரும்பி வாசல் பக்கம் பார்ப்பாள், அந்த அம்மாள் வந்து முகம் சுளிப்பார் என்பது போல.